மைக் செட்டும் கிட்டாரும்: சின்ன வால்வு ஆம்ப்ளிபயரின் கதை

பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் பூலாம்பாடி, பெரம்பலூர் மாவட்டத்தின் பேரூராட்சிகளில் ஒன்று. இந்த ஊரிலும் சரி, சுற்றுவட்டார ஊர்களிலும் சரி, எழுபது வயதை நெருங்கியவர்கள் யாரிடமாவது "அந்தக் காலத்து மைக் செட்" என்று ஆரம்பித்தால் போதும், கதை கதையாகச் சொல்வார்கள். தேர்த் திருவிழா, காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எதுவாக இருந்தாலும் முதல் நாள் சாயங்காலமே மைக் செட்காரர் வந்துவிடுவார். உயரமான மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். கீழே ஒரு மேசை. அதன் மேல் இசைத்தட்டுப் பெட்டி, பக்கத்தில் கனமான இரும்புப் பெட்டி ஒன்று. அதுதான் ஆம்ப்ளிபயர்.

அந்தப் பெட்டியில் ஒரு விசேஷம் உண்டு. சுவிட்சைப் போட்டவுடனே பாட்டு வராது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குமிழ்கள் மெதுவாகச் சூடேறி, செம்மஞ்சள் நிறத்தில் மினுங்க ஆரம்பித்த பிறகுதான் சத்தம் வரும். அந்தக் கண்ணாடிக் குமிழ்களுக்குத்தான் வால்வு என்று பெயர்.

இன்று எந்தத் திருவிழாவிலும் அந்தப் பெட்டியைப் பார்க்க முடியாது. ரேடியோவிலும் டிவியிலும்கூட வால்வு போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் முக்கியமாக ஒரு பொருளுக்காக உலகத்தில் இன்னும் புதுசு புதுசாக வால்வு செய்து பெரிய அளவில் விற்கிறார்கள். அதுதான் எலக்ட்ரிக் கிட்டாருக்கான ஆம்ப்ளிபயர்! பெரும்பாலான இடங்களில் செத்துப்போன ஒரு தொழில்நுட்பம் கிட்டாரில் ஏன் உயிரோடு இருக்கிறது? புதிதாக வரும் சின்னச் சின்ன வால்வு ஆம்ப்ளிபயர்கள் உண்மையிலேயே பழையவை போல உழைக்குமா? இந்தக் கேள்விகளுக்கான பதில் சரித்திரத்தில்தான் இருக்கிறது.

மடை திறந்த தண்ணீர்

வால்வு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு ஏரி மடையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கிறது. மடைப் பலகையை ஒரு சின்னப் பையன்கூட லேசாகத் தூக்கலாம். ஆனால் அதனால் வாய்க்காலில் பாயும் தண்ணீரின் பலம் அந்தப் பையனின் பலத்தைவிடப் பல மடங்கு. சின்ன அசைவு, பெரிய ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது.

வால்வுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. காற்றை எடுத்துவிட்ட கண்ணாடிக் குழலுக்குள் ஒரு உலோகப் பகுதியைச் சூடாக்கினால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். எதிரே அதிக வோல்டேஜ் கொடுக்கப்பட்ட தகடு அவற்றை இழுக்கும். நடுவில் இருக்கும் கம்பி வலைதான் மடைப் பலகை. மைக்கிலிருந்தோ கிட்டாரிலிருந்தோ வரும் மிகச் சின்ன மின் அசைவை அந்த வலைக்குக் கொடுத்தால், தகட்டில் அதே அசைவு பெரிதாகக் கிடைக்கும்.

1904-இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் வலை இல்லாத முதல் வால்வைச் செய்தார். 1906-இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் அதில் மூன்றாவது பகுதியைச் சேர்க்கும் வழியைக் கண்டார். வானொலி, பேசும் படம், ஒலிபெருக்கி எல்லாம் இதன் பிள்ளைகளே. சென்னையில் 1924-இல் தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பின் ஒலிபரப்பும் வால்வுகளால் நடந்ததுதான். 1938-இல் சென்னை வானொலி நிலையமும் 1939-இல் திருச்சி நிலையமும் வந்தன. பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1995-இல்தான். ஆகவே இந்தப் பக்கத்து மக்கள் கேட்ட திருச்சி வானொலி நீண்ட காலம் வால்வு ரேடியோ வழியாகத்தான் அவர்கள் காதுக்கு வந்து சேர்ந்தது.

கணக்குப் பிள்ளை செய்த பெட்டி

கிட்டார் சத்தம் குறைவான வாத்தியம். டிரம்ஸ், டிரம்பெட் எல்லாம் சேர்ந்து வாசிக்கும் குழுவில் கிட்டார் வாசிப்பவர் என்ன வாசிக்கிறார் என்றே கேட்காது. 1930-களில் கிட்டார் கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் மின்சாரமாக மாற்றும் பிக்கப் வந்தது. அந்த மின்சாரத்தைப் பெரிதாக்க ஒரு பெட்டி தேவைப்பட்டது. அப்போது வால்வைத் தவிர வேறு வழியே கிடையாது என்பதால் கிட்டார் ஆம்ப்ளிபயரும் வால்வில்தான் பிறந்தது. யாரும் டோனுக்காக அதைத் தேர்ந்தெடுக்கவில்லை!

இந்தக் கதையின் முக்கியமான மனிதர் கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர். அவர் படித்தது கணக்கியல், ஆரம்ப காலத்தில் கணக்கு எழுதும் வேலையும் பார்த்தார். 1938-இல் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது என்பது இன்னொரு ஆச்சரியம். ஆனால் ரிப்பேர் செய்து செய்து அவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது. எந்தப் பொருளும் ஒரு நாள் ரிப்பேருக்கு வரும். வரும்போது திறப்பதற்குச் சுலபமாக இருக்க வேண்டும்.

அவர் கம்பெனி மாணவர்களுக்காகச் செய்த மிகச் சிறிய ஆம்ப்ளிபயர் சாம்ப். 1940-களின் கடைசியில் சாம்பியன் என்ற பெயரில் ஆரம்பித்த இந்த வரிசை 1982 வரை தொடர்ந்தது. 1950-களின் சாம்புக்குள் மொத்தமே மூன்று வால்வுகள்: சத்தத்தை முதலில் பெரிதாக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, ஏசி கரண்டை டிசி ஆக்க ஒரு 5ஒய்3. வெளிவரும் சக்தி சுமார் 5 வாட். அட்டைப் பலகையில் வரிசையாக ரெசிஸ்டரும் கண்டென்சரும். ஒவ்வொன்றும் கையால் சால்டர் செய்யப்பட்டது. ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம்.

இங்கிலாந்தில் வாக்ஸ் நிறுவனத்துக்காக டிக் டென்னி 1958-இல் ஏசி15 என்ற ஆம்ப்ளிபயரை வடிவமைத்தார். பிறகு 4 வாட் ஏசி4 என்ற குட்டித் தம்பியும் வந்தது. 1962-இல் லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டரின் பாஸ்மேன் என்ற ஆம்ப்ளிபயரின் சர்க்யூட்டைப் பின்பற்றித் தன் முதல் மாடலைச் செய்தார். இன்றைய கிட்டார் ஆம்ப்ளிபயர்களில் பெரும்பாலானவை இந்த மூன்று வீட்டுப் பிள்ளைகளின் பேரன் பேத்திகளே.

குறையே குணமான கதை

5 வாட் வால்வு ஆம்ப்ளிபயரின் வால்யூமை முழுக்கத் திருப்பினால் என்ன ஆகும்? வால்வால் அதற்கு மேல் கொடுக்க முடியாது. அலையின் உச்சி நசுங்கும். அதைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறார்கள். பொறியாளர்களுக்கு இது குற்றம். ஆனால் வால்வில் இந்த நசுங்கல் திடீரென்று வெட்டியது போல் வராது. மெதுவாக வளைந்து வளைந்து வரும். அதிலும் ஒற்றை அவுட்புட் வால்வு உள்ள சின்ன ஆம்ப்ளிபயர்களில் இரண்டாம் மடங்கு அதிர்வெண் அதிகமாகச் சேரும். அதாவது 220 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தோடு 440 ஹெர்ட்ஸும் லேசாக ஒலிக்கும். நம் இசையில் சொன்னால் அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி. காதுக்கு அது அபஸ்வரமாகத் தெரியாது. சத்தம் தடித்தது போல, சூடேறியது போலத் தெரியும்.

இந்தக் குறையைக் கலைஞர்கள் வேண்டுமென்றே தேட ஆரம்பித்தார்கள். 1964-இல் கிங்க்ஸ் என்ற ஆங்கிலக் குழுவின் டேவ் டேவிஸ், எல்பிகோ என்ற மலிவான சின்ன ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கிழித்துவிட்டு வாசித்தார். அந்தக் கரகரப்பு உலகம் முழுக்கப் பிரபலமானது. 1970-இல் எரிக் கிளாப்டன் லைலா ஆல்பத்தைப் பதிவு செய்தபோது பயன்படுத்தியது மாணவர்களுக்கான அந்தக் குட்டி சாம்ப்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

ஏன் சின்ன ஆம்ப்ளிபயர்? 50 வாட் பெட்டியை நசுங்கும் அளவுக்குத் திருப்பினால் வீட்டு ஓடு பறந்துவிடும். 5 வாட் பெட்டியை அதே நிலைக்குக் குறைந்த சத்தத்திலேயே கொண்டு வரலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 50 வாட் என்றால் 5 வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தம் என்று நினைப்போம். உண்மையில் சக்தி பத்து மடங்கானால் நம் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத்தான் தெரியும்.

நம் ஊர் வால்வு

இப்போது நம் மைக் செட்டுக்குத் திரும்புவோம். இந்தியாவில் ஒலிபெருக்கியைப் பிரபலமாக்கியது சுதந்திரப் போராட்டம். மோட்வானே குடும்பத்தின் சிகாகோ ரேடியோ நிறுவனம் 1931 கராச்சி காங்கிரஸ் மாநாட்டில் தொடங்கிக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கொடுத்தது. காந்தி, நேரு பேசும் பழைய படங்களில் மைக்கின் மேல் அந்தப் பெயரைப் பார்க்கலாம். டெல்லியில் அஹுஜா நிறுவனம் 1940-இல் ஆரம்பமானது. தமிழ்நாட்டில் மேடைப் பேச்சு ஒரு பெரிய அரசியல் சக்தியாக வளர்ந்ததற்குப் பின்னால் பேச்சாளர்களின் தமிழோடு, ஊர் ஊராகப் போன இந்த இரும்புப் பெட்டிக்கும் பங்கு உண்டு.

வால்வும் இந்தியாவிலேயே செய்யப்பட்டது. பெங்களூரில் 1954-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960-களில் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. கிட்டார் ஆம்ப்ளிபயர்களில் இன்றைக்கும் ஓடுகிற ஈசிசி83 (12ஏஎக்ஸ்7-இன் ஐரோப்பியப் பெயர்), ஈஎல்84 ஆகிய அதே ரக வால்வுகள் "பெல்" முத்திரையோடு இங்கே கிடைத்தன.

அன்று வெளிநாட்டுப் பொருள் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும். நீண்ட காலம் அந்த நிலைதான். சினிமாப் பாட்டில் எலக்ட்ரிக் கிட்டார் 1960-களிலேயே வந்துவிட்டது. ஊர் ஊராக மெல்லிசைக் குழுக்களும் முளைத்தன. ஆனால் ஃபெண்டரும் வாக்ஸும் வாங்க எல்லோராலும் முடியுமா? உள்ளூரில் செய்த ஆம்ப்ளிபயர், அல்லது கச்சேரிக்கு வந்த மைக் செட்டிலேயே கிட்டாரையும் சொருகுவது என்றுதான் பலரும் சமாளித்தார்கள். சர்க்யூட்டைப் பார்த்தால் இரண்டும் தூரத்துச் சொந்தம் கூட இல்லை, நெருங்கிய பங்காளிகள். மைக் செட்டை ரிப்பேர் செய்யத் தெரிந்தவர் கிட்டார் ஆம்ப்ளிபயரையும் ரிப்பேர் செய்துவிடுவார்.

இரும்புக் கடைக்குப் போன வால்வு

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சூடேறக் காத்திருக்க வேண்டாம், கண்ணாடி உடையும் பயம் இல்லை, எடை குறைவு, கரண்ட் செலவும் குறைவு, பாட்டரியிலும் ஓடும். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்த மைக் செட்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவர் வால்வை விட்டது நூற்றுக்கு நூறு சரியான முடிவு. பேச்சுக்கும் அறிவிப்புக்கும் தேவை தெளிவு. அங்கே டிஸ்டார்ஷன் என்றால் தலைவர் பேசுவது புரியாது, அவ்வளவுதான்! பிறகு 2005-இல் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு உச்ச நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடுகளும் வந்தன. மரத்தில் கட்டிய குழாய்க்குப் பதில் பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தன.

உலகம் முழுக்க இதுவே நடந்தது. அமெரிக்காவின் ஆர்சிஏ 1970-களில் வால்வு உற்பத்தியை நிறுத்தியது. பிரிட்டனின் புகழ்பெற்ற முல்லார்டும் 1980-களில் அதே வழியில் போனது. பெங்களூரில் ரேடியோ வால்வு உற்பத்தி நின்றது. ஊர்களில் இருந்த மைக் செட்டுகள் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போயின. டிரான்ஸ்பார்மரில் இருந்த தாமிரத்துக்காகத்தான் அவற்றுக்கு ஏதோ கொஞ்சம் விலை!

ஆனால் கிட்டார்காரர்கள் மட்டும் மசியவில்லை. டிரான்சிஸ்டர் கிட்டார் ஆம்ப்ளிபயர்கள் வந்தன, நன்றாகவே விற்றன. எல்லை தாண்டும்போது அவற்றின் அலை வெட்டியது போல் முறிந்தது. வால்வில் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் கரகரப்பதும் தெளிவதுமாக இருந்த அந்த உறவு அவற்றில் கிடைக்கவில்லை. ஆகவே சந்தை சிறுத்தாலும் தேவை சாகவில்லை.

டிபன் பாக்ஸ் காலம்

2000-களில் ஒரு மாற்றம் வந்தது. வீட்டில் வாசிப்பவர்கள், கம்ப்யூட்டரில் பதிவு செய்பவர்கள் பெருகினார்கள். அவர்களுக்கு 100 வாட் பெட்டி எதற்கு? அதே சமயம் சீனாவில் குறைந்த கூலியில் தயாரிக்க முடிந்தது. இரண்டும் சேர்ந்து சின்ன வால்வு ஆம்ப்ளிபயருக்கு மறுபிறவி கொடுத்தன.

எபிஃபோன் நிறுவனத்தின் வால்வ் ஜூனியர் ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு ஈஎல்84, ஒரே ஒரு வால்யூம் குமிழ் என்று 5 வாட்டில் வந்தது. ஃபெண்டர் தன் பழைய சாம்பியன் 600 மாடலை மறுபடி கொண்டு வந்தது. 2006-இல் ஆரஞ்ச் நிறுவனத்தின் டைனி டெரர் இரண்டு ஈஎல்84-ஐ வைத்து 15 வாட், வேண்டாம் என்றால் 7 வாட் என்று டிபன் பாக்ஸ் அளவு இரும்புப் பெட்டியில் வந்தது. அதற்குப் பிறகு அந்த ரகத்துக்கே டிபன் பாக்ஸ் ஆம்ப்ளிபயர் என்று பெயராகிவிட்டது. வாக்ஸ் தன் ஏசி4-ஐ 4 வாட், 1 வாட், கால் வாட் என்று குறைத்துக்கொள்ளும் வசதியோடு வெளியிட்டது.

காசு எங்கே குறைந்தது?

பொருளின் விலையைக் குறைத்தால் எங்கோ ஒரு இடத்தில் செலவைக் குறைத்திருப்பார்கள் என்பது வணிகவியலின் பால பாடம். சின்ன வால்வு ஆம்ப்ளிபயரில் அது நான்கு இடங்களில் நடக்கிறது.

முதலாவது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர். வால்வின் அதிக வோல்டேஜை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது இதுதான். இதன் விலை இரும்பும் தாமிரமும் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. இரும்பு குறைந்தால் கீழ் ஸ்வரங்கள் பலம் இழக்கும்.

இரண்டாவது, ஸ்பீக்கரும் பெட்டியும். 6 அங்குல ஸ்பீக்கர், மெல்லிய மரத்தூள் பலகைப் பெட்டி என்றால் சத்தமும் பெட்டிக்குள் அடைபட்டது போலத்தான் இருக்கும். அதே ஆம்ப்ளிபயரை 12 அங்குல ஸ்பீக்கரில் மாட்டிப் பார்த்தவர்கள் "இதுவா அது?" என்று ஆச்சரியப்படுவார்கள். டோன் மோசம் என்று வால்வைத் திட்டுவதற்கு முன் ஸ்பீக்கரைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, வால்வைச் சூடாக்கும் கரண்ட். அதை ஏசியிலேயே கொடுத்தால் செலவு குறைவு. ஆனால் வயரிங் கவனமாக இல்லாவிட்டால் "ம்ம்ம்" என்ற இரைச்சல் பின்னாலேயே ஒலிக்கும். வால்வ் ஜூனியரின் முதல் பதிப்பில் இந்த இரைச்சல் பெரிய பேச்சாக இருந்தது. பின்னர் வந்த பதிப்பில் அதை டிசி ஆக்கிச் சரிசெய்தார்கள்.

நான்காவது, சர்க்யூட் போர்டு. கையால் வயரிங் செய்தது உசத்தி, போர்டு என்றால் மட்டம் என்று சொல்வது பாதி உண்மைதான். கரண்டுக்கு அது எந்த வழியில் போகிறது என்று தெரியாது! தடித்த, நன்றாக இடம் விட்டுச் செய்த போர்டு பல வருடம் உழைக்கும். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், வால்வு சாக்கெட்டையே மெல்லிய போர்டின் மேல் நேராகப் பற்ற வைக்கும்போது. வால்வின் சூடு தினமும் போர்டை வாட்டும். வால்வைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் போர்டு வளையும். கடைசியில் சால்டர் விரிசல் விடும். பழைய சாம்பில் சாக்கெட் இரும்புச் சட்டத்தில் திருகி இருக்கும். அந்தப் பாரத்தை இரும்பு தாங்கிக்கொள்ளும்.

ஆகவே புதுசா பழசா என்று கேட்பதைவிட, பின்பக்கத்தைக் கழற்றினால் உள்ளே கை போகுமா, கெட்ட பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்பதுதான் சரியான கேள்வி. எவ்வளவு நல்ல ஆம்ப்ளிபயராக இருந்தாலும் பெரிய கண்டென்சர்கள் இருபது வருடத்துக்குள் உலர்ந்து போகக்கூடும். அன்று அதைத் திறக்க ஒருவர் வேண்டும். (ஆனால் ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்டென்சருக்குள் முந்நூறு வோல்ட்வரை தேங்கி நிற்கலாம், ஆளைக் கொல்லும். தெரியாதவர்கள் கை வைக்கவே கூடாது!)

மூன்று நாடுகளின் கையில்

கடைசியாக வால்வுக்கே வருவோம். இன்று கிட்டார் ஆம்ப்ளிபயருக்கான வால்வுகளைப் பெரிய அளவில் செய்யும் நாடுகள் மூன்றுதான்: ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா. ஸ்லோவாக்கியாவின் சட்சா நகரில் ஜேஜே நிறுவனம் இருக்கிறது. ரஷ்யாவின் சரடோவ் நகரத் தொழிற்சாலை அமெரிக்கரான மைக் மேத்யூஸின் நிறுவனத்துக்குச் சொந்தமானது. பல பழைய பிராண்டுப் பெயர்களில் விற்கும் வால்வுகள் அந்த ஒரே தொழிற்சாலையிலிருந்துதான் வருகின்றன. பெயரை வாங்கிவிட்டால் போதும், முல்லார்டு இன்று ரஷ்யாவில் பிறக்கும்!

2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா பல பொருள்களின் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மார்ச் மாதத்தில் வால்வும் அதில் மாட்டிக்கொண்டது. உலகம் முழுக்க வால்வு விலை எகிறியது, கடைகளில் இருப்பு தீர்ந்தது. பிறகு ஏற்றுமதி மறுபடி தொடங்கினாலும் ஒரு விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஏதோ ஒரு நாட்டில் ஒரு கதவு மூடினால் சென்னையில் வாசிக்கிற கிட்டார் ஊமையாகிவிடும்.

இதே ஈசிசி83-யும் ஈஎல்84-உம் ஒரு காலத்தில் பெங்களூரில் செய்யப்பட்டன, பெரம்பலூர்ப் பக்கத்து ஊர்களில் மைக் செட்களை ரிப்பேர் செய்யவும் ஆள் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. தொழிற்சாலையை மூடியதைக் குறை சொல்ல முடியாது. தேவை இல்லாத பொருளை யாரும் செய்துகொண்டே இருக்க முடியாது. ஆனால் தொழிற்சாலையோடு சேர்ந்து இன்னொன்றும் போனது. மூடியைத் திறந்து, எந்த வால்வு மினுங்கவில்லை என்று பார்த்து, கண்டென்சரைத் தட்டிப் பார்த்து, "அரை மணி நேரத்தில் பாடும்" என்று சொன்ன மைக் செட்காரரின் கைப்பழக்கம். அதை எந்த நாட்டிலிருந்தும் இறக்குமதி செய்ய முடியாது.

ஒரு பொருள் பழசாவது வேறு, பயனற்றுப் போவது வேறு. மேடையில் பேசுவதற்கு வால்வு பயனற்றுப் போனது உண்மை. கிட்டாருக்கு அது பழசானதே தவிர இன்னும் பயன் தீரவில்லை. இன்றும் எங்காவது ஒரு வீட்டுப் பரண் மேல் பழைய மைக் செட் ஒன்று தூசி படிந்து கிடக்கலாம். இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன், விஷயம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்லது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குமிழை எங்கோ ஒரு கிட்டார்காரர் தேடிக்கொண்டிருக்கலாம்.